எல்லையில் நின்ற எழுதுகோல்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு இலக்கியக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் மடல் விடுத்து நான்கு திங்கள் கடந்துவிட்டன. 'இவ்வாரம்', 'அடுத்த வாரம்' என்று நாள் கடத்தியவன் நான். வேலை மிகுதி என்று அவர்களிடம் சொன்னேன். உண்மை அதுவன்று. தாளை விரித்து எழுதுகோலை எடுத்தால் முதல் தொடர் வாராது. வந்தாலும் அது என் தொடராக இராது. எங்கோ படித்த நூலொன்றின் நிழலாக இருக்கும். கிழித்தெறிவேன். இந்நோய் எனக்குப் புதிதன்று. ஆகவே நோயையே பொருளாகக் கொள்வோம் என முடிவு செய்தேன். எழுத வாராமை என்பது ஏன் நேர்கிறது, அதிலிருந்து மீண்டவர் எவ்வாறு மீண்டனர் என்பதை, நான் பிறந்த நிலத்தின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க விழைகிறேன்.

நான் பிறந்தது பாறசாலைக்கு அருகே ஒரு சிற்றூர். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கி நாகர்கோயில் செல்லும் பெருவழியில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, இஞ்சிவிளை என ஊர்கள் வரிசையாக வரும். அதன்பின் களியக்காவிளை, அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. தென்னையும் வாழையும் மரச்சீனியும் விளையும் மேட்டுநிலத்தை எங்கள் பக்கத்தில் 'விளை' என்போம். ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்பதும் அச்சொல்லே. எல்லைக்கு மேற்கே 'விள' என்று எழுதுவர். கிழக்கே 'விளை' என்று எழுதுவர். நிலம் ஒன்று, மண் ஒன்று, மரம் ஒன்று. இறுதியில் நிற்கும் ஓர் ஐகாரந்தான் இரு மாநிலங்களுக்கும் நடுவே உள்ள வேலி என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இவ்வேலி மிக அண்மைக் காலத்தது. களியக்காவிளைக்கு அருகேயுள்ள முஞ்சிறையை அடுத்தது பார்த்திவபுரம். கி.பி. 866 அளவில் ஆய்குல மன்னன் கோக்கருநந்தடக்கன் அங்கே திருமால் கோயிலெடுத்து, அதனோடு ஒரு சாலையும் அமைத்தான். சாலை என்பது இக்காலத்து வண்டிப் பாதையன்று, கல்வி நிலையம். 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், அங்கே உண்டு உறைந்து பயில ஏற்பாடு செய்தான். காந்தளூர்ச் சாலையின் நெறிமுறைகளே இங்கும் பின்பற்றப்பட வேண்டும் என்றும், மாணவர் தம்முள் பூசலிட்டால் இன்ன தண்டம் என்றும் விரிவாக எழுதி வைத்தான். திருவனந்தபுரம் ஹுசூர் கச்சேரியில் கிடைத்தமையால் ஹுசூர் செப்பேடு என வழங்கும் அப்பட்டயம் தமிழ் மொழியில், வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் எழுதியவன், தன் மொழி எது என்று ஒரு கணமும் தயங்கியிருக்க மாட்டான். அந்தத் தயக்கமின்மையை எண்ணி நான் பலமுறை பொறாமை கொண்டிருக்கிறேன்.

பிற்காலத்தில் ஒரு நிலத்தில் இரு மொழிகள் வளர்ந்தன. வளர்ந்தும் நெடுங்காலம் ஒன்றையொன்று முறைத்துக் கொள்ளவில்லை. நெய்யாற்றின்கரை வட்டத்தில், நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புறத்தில் 1888ஆம் ஆண்டு சிவப்பிரதிட்டை செய்த நாராயண குரு, மலையாளத்திலும் வடமொழியிலும் பாடியதோடு தமிழில் தேவாரப் பதிகங்களும் இயற்றினார். மூன்று மொழிகளில் எது தம்முடையது என்று அவரைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். பாலராமபுரத்தில் கைத்தறி நெய்யும் சாலியர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டித் தமிழ்நிலத்திலிருந்து திருவிதாங்கூர் அரசால் அழைத்து வரப்பட்டவர்கள். அவர்கள் நெய்த கசவு முண்டுதான் இன்று கேரளத்தின் அடையாளமாக ஓணத்தன்று உடுக்கப்படுகிறது. 1891ஆம் ஆண்டைப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' அவ்வாண்டில் வெளிவந்தது. அதே திருவனந்தபுரத்தில் வாழ்ந்த சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' என்னும் மலையாள நாவல் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. ஒரு நகரம், ஓர் ஆண்டு, இரு மொழிகளுக்கும் இரு பெருநூல்கள். அந்நாவலில் தென் திருவிதாங்கூர் மாந்தர் வாயில் தமிழ் கலந்த பேச்சு தாராளமாக வருகிறது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

பிரிவு அரசியலோடு வந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், விளவங்கோடு வட்டம் பள்ளியாடியில் பிறந்த மார்ஷல் நேசமணி அவர்களின் தலைமையில், தமிழர் மிகுந்த வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கப் போராடியது. 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மாநிலச் சீரமைப்புக் குழுவின் அறிக்கை 1955இல் வெளிவந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன; செங்கோட்டையின் ஒரு பகுதியும் சேர்ந்தது. தேவிகுளமும் பீருமேடும் சேரவில்லை. நெய்யாற்றின்கரையும் அவ்வாறே கேரளத்தில் நின்றது.

இதன் நியாய அநியாயங்களைப் பேசுவது என் நோக்கமன்று. வழக்குரைத்தவர்கள் பலர், எழுதியவர்களும் பலர். என் தாய்வீடு களியக்காவிளைக்குக் கிழக்கே. தந்தையார் வீடு பாறசாலைக்கு மேற்கே. இடையே நடைதூரம் ஒன்றரை மணி நேரம். அவ்விரு வீடுகளும் ஒரே நாளில் இரு மாநிலங்களாயின. பாட்டா இதைப் பெரிதாகக் கருதவில்லை. வழக்கம்போல் தம் விளையில் காய்த்த சக்கையைத் தலையில் சுமந்து எல்லை கடந்து வந்து மகளுக்குக் கொடுத்துப் போனார். பெரிதாகியது பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில்.

நான் படித்தது மலையாளப் பள்ளி. வீட்டில் தந்தையார் மாலைதோறும் தமிழ் எழுத்தும் வாசிப்பும் கற்பித்தார். பள்ளியில் நான் எழுதிய மலையாளக் கட்டுரையைப் பார்த்த ஆசிரியர் ஒருவர் அதைப் 'பாண்டி மலையாளம்' என்று வகுப்பு முழுதும் கேட்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தனர். போகட்டும், தமிழ் இருக்கிறதே என்று எண்ணினேன். 14 வயதில், எல்லைக்குக் கிழக்கே நடந்த ஒரு தமிழ்க் கட்டுரைப் போட்டிக்கு எழுதி அனுப்பினேன். தாள் திரும்பி வந்தது. மூன்று சொற்களின்மேல் செம்மைக் கோடு. ஓரத்தில் 'மலையாளம்' என்று குறிப்பு. அம்மூன்று சொற்கள்: ஓர்மை, வெள்ளம், பறைதல். மூன்றும் என் பாட்டி நாள்தோறும் வாய் நிறையச் சொல்பவை.

இச்சொற்களுக்காக ஒருமுறை வழக்காட எனக்கு உரிமை உண்டு என நினைக்கிறேன். 'ஓர்தல்' என்னும் வினை திருக்குறள் பயின்றவருக்குப் புதிதன்று. எண்ணுதல், ஆராய்ந்துணர்தல் என்பது பொருள். அதன் வழிவந்த ஓர்மையை நாம் மறந்துவிட்டு, வடசொல்லாகிய 'ஞாபகம்' என்பதை எழுதினால் அது தமிழ் எனப்படுகிறது! பறைதல் என்பது சொல்லுதல் என்ற பொருளில் தமிழ் அகராதிகளில் இன்றும் உள்ளது. வெள்ளம் என்பதைப் பெருக்கு என்ற ஒரு பொருளுக்குள் நாம் அடைத்துவிட்டோம். எங்களூரில் அது குடிக்கவும் ஆகும். இன்னொன்றும் சொல்வேன். எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு குழந்தையை அழைக்கும்போதும் 'மக்களே' என்றே அழைப்பர். வெளியூரார் இதைக் கேட்டுத் திகைத்து, கூட்டத்தை விளிப்பதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பர். 'மக்கட்பேறு' என்று வள்ளுவர் அதிகாரம் வகுத்தபோது அவர் குறித்தது பொதுமக்களை அன்று. அவருடைய மக்களும் என் பாட்டியின் மக்களும் ஒன்றே.

இவையெல்லாம் பிற்காலத்தில் கற்றறிந்தவை. 14 வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றே: மலையாளத்தில் எழுதினால் நான் பாண்டி; தமிழில் எழுதினால் மலையாளி. அதன்பின் பல்லாண்டு ஒரு கடிதம்கூட மனம் ஒப்பி எழுத இயலவில்லை. எழுதுகோலைத் தொட்டவுடன் உள்ளிருந்து ஒரு குரல், 'இச்சொல் சரிதானா?' என்று கேட்கும். கேட்கும் குரல் வலுத்தால் சொல்லும் குரல் ஒடுங்கிவிடும். எழுத வாராமை என்பது பெரும்பாலும் இதுதான் என்பது என் துணிபு. சரக்கு இல்லாமையால் கடை மூடுவதில்லை. வாசலில் நிற்கும் காவலன் சரக்கை உள்ளே விடாமையால் மூடப்படுகிறது.

அக்காவலனை வென்றவர்கள் எங்கள் பக்கத்தில் சிலர் உண்டு. அவர்களுள் மூத்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. 1876இல் தேரூரில் பிறந்த அவர் தொடக்கப் பள்ளியில் படித்தது மலையாளம் என்பதை இன்று அவர் பாடல்களை ஒப்புவிக்கும் குழந்தைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். திருவிதாங்கூர் அரசின் பள்ளி அவ்வாறிருந்தது. வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை மடத்துச் சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியே தமிழ் கற்றார். அத்தகையவர் கற்ற தமிழையெல்லாம் காட்டுவதற்காகக் கடும்பா இயற்றியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதியபோது, சொத்துமுறையால் அல்லற்பட்ட ஒரு பெண்ணின் வாயில் கதையை வைத்து, நாஞ்சில் நாட்டு வீடுகளில் புழங்கிய சொற்களையும் பழமொழிகளையும் வசைகளையுங்கூடக் கூசாமல் பாட்டில் ஏற்றினார். அந்நூல் ஒரு வழக்கத்தையே அசைத்தது என்பர். அசைத்தது அதன் வாதமா, குரலா என்று என்னைக் கேட்டால் குரல் என்பேன். அவரே பிற்காலத்தில் காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூல் எழுதினார். செப்பேட்டையும் படித்தார், அடுக்களைப் பேச்சையும் கேட்டார்.

மலையாளத்திலும் இதற்கோர் இணை உண்டு. வைக்கம் முகம்மது பஷீர் தம் 'பால்யகாலசகி'யை முதலில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். பிறகு அதனை விட்டு மலையாளத்தில் எழுதினார், 1944இல் வெளிவந்தது. அதுவும் ஏட்டு மலையாளம் அன்று. தம் எழுத்தில் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று ஆசிரியராகிய தம்பி தம்மைக் கண்டித்ததை அவரே 'பாத்தும்மாவின் ஆடு' என்னும் நூலில் நகைச்சுவை ததும்பச் சொல்லியிருக்கிறார். தம்பி இலக்கணத்தில் வென்றார். பஷீர் எதில் வென்றார் என்பதை மலையாள நாடு அறியும். கடல் கடந்த கென்யாவில் கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தில் புகழ்பெற்றபின் தம் தாய்மொழியாகிய கிகூயுவுக்குத் திரும்பினார். அம்மொழியில் தம் முதல் நாவலை 1978இல் சிறையில் கழிப்பறைத் தாளில் எழுதினார். ஆங்கில நாற்காலியிலிருந்து இறங்கிச் சிறைத் தரையில் அமர்ந்தபோது அவருக்குத் தம் குரல் கிட்டியது.

இனி, இக்கட்டுரையின் நடுவிடத்தில் நிற்கவேண்டியவரிடம் வருகிறேன். எழுத வாராமையை வெட்கமாகக் கருதாமல், அதனை ஒரு தவம்போல் ஏற்றவர் சுந்தர ராமசாமி. 1931இல் நாகர்கோயிலில் பிறந்த அவருடைய குழந்தைப் பருவம் கோட்டயத்தில் கழிந்தது. பத்து வயதளவில் மூட்டுவாத நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. பள்ளிக் கல்வி முற்றுப்பெறாமல் நின்றது. தமிழைத் தாமே முயன்று கற்றபோது அவருக்கு வயது 18 அளவு. இதனை வாசகர் ஒருமுறை நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். தமிழ் உரைநடைக்குப் புதிய கூர்மை தந்தவர் என்று பிற்காலத்தில் போற்றப்பட்டவர், நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயதில் அகரவரிசையோடு மல்லுக்கட்டியவர்.

அவர் செய்த முதற்காரியம் என்ன? மொழிபெயர்ப்பு. தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்' நாவலை மலையாளத்திலிருந்து தமிழாக்கினார். பின்னர் அவரே தமிழாக்கிய 'செம்மீன்' 1962இல் நூலாயிற்று. தம் சொல் வாராதபோது பிறர் சொல்லைச் சுமந்து நடந்து பழகினார் எனலாம். எங்கள் எல்லைப்புறத்தில் இதைப் புரிந்துகொள்வது எளிது. கிழக்கு மேற்காகச் சுமை தூக்குவது எங்களுக்குப் பிறவித் தொழில். 1951இல் அவர் வெளியிட்ட புதுமைப்பித்தன் நினைவு மலரில்தான் அவருடைய முதற்கதை வந்தது. அதன்பின் 'அக்கரைச் சீமையில்', 'பிரசாதம்' ஆகிய தொகுதிகள். 'சரஸ்வதி' இதழில் தொடங்கித் தடைப்பட்டுக் கிடந்த 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் நூலாக நிறைவெய்தியது. நாகர்கோயிலின் ஒரு முச்சந்தி மரத்தைக் கொண்டு ஒரு காலமாற்றத்தையே சொன்ன அந்நாவல் அவருக்கு நற்பெயரைத் தந்தது. எந்த எழுத்தாளரும் இந்நிலையில் என்ன செய்வார்? அதேபோல் இன்னொரு மரத்தை நடுவார்!

அவர் எழுத்தை நிறுத்தினார். ஏறத்தாழ ஆறேழு ஆண்டுகள் அவரிடமிருந்து படைப்பு ஏதும் வரவில்லை. நாகர்கோயிலில் துணிக்கடை நடத்தினார், படித்தார், நண்பர்களோடு உரையாடினார். 1973இல் மீண்டும் எழுதத் தொடங்கியபோது வெளிப்பட்டது வேறொரு குரல். முற்காலக் கதைகளில் இருந்த கலகலப்பும் உள்ளூர் நகையும் குறைந்தன. 'பல்லக்குத் தூக்கிகள்' போன்ற கதைகளில் சொல் இறுகிற்று. பசுவய்யா என்னும் பெயரில் அவர் எழுதிய கவிதைகள் 'நடுநிசி நாய்கள்' என்று 1975இல் தொகுதியாயின. 1981இல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வந்தது. அந்நாவலின் தலைவன் ஒரு மலையாள எழுத்தாளன்! கதைப்படி அவன் 1960 ஜனவரி 5ஆம் நாள், ஆல்பர் காம்யு இறந்ததற்கு மறுநாள் இறக்கிறான். அவனைப் பற்றிக் குறிப்பெடுப்பவன் ஒரு தமிழ் எழுத்தாளன். குழந்தையாகத் தாம் வாழ்ந்த மலையாள நிலத்தையும், முயன்று பெற்ற தமிழையும் ஒரே நூலில் எதிரெதிரே அமர்த்திப் பேசவிட்டார். தம் கோட்டயத்துக் குழந்தைப் பருவத்தை நேரே எழுத அவருக்கு 1998 வரை, 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' வரை, காலம் தேவைப்பட்டது. சில பொருள்கள் அவ்வளவு பொறுத்தே வாய்க்கு வருகின்றன.

அந்நூல் எல்லாருக்கும் உவப்பானதன்று என்பதும் உண்மை. அறிவாளர்க்கு மட்டும் எழுதுகிறார் என்று குறைகூறியவர் உண்டு. எனக்கே 'புளியமர'த்தின் மேல்தான் பற்று மிகுதி. ஆயினும் மௌனத்திற்குமுன் எழுதியதைப் போலவே பின்னும் எழுதியிருந்தால் அவர் தம்மைத்தாமே படியெடுத்தவர் ஆகியிருப்பார்.

தோப்பில் முகமது மீரான் கதை இன்னும் நெருக்கமானது. பாறசாலைக்குத் தென்கிழக்கே, கடலோரத்தில் இருக்கிறது தேங்காய்ப்பட்டணம். 1944இல் அங்கே பிறந்த மீரான் கற்றது மலையாள வழிக் கல்வி. தமிழ் எழுத்து அவருக்குப் பள்ளி தந்த கொடையன்று. பின்னர் திருநெல்வேலியில் வணிகராக வாழ்ந்தார். தம் ஊரின் முஸ்லிம் மக்கள் பேசும் மொழி, தமிழும் மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்து கடற்காற்றில் உப்பேறிய மொழி. இலக்கணமாகக் கற்றிருந்தால் இதனை ஏட்டில் ஏற்றக் கூசியிருப்பார் என்று நான் எண்ணுவதுண்டு. கல்லாமை அவருக்குக் காப்பாயிற்று. அவரிடம் 'இது மலையாளம்' என்று கோடிட எந்தச் செம்மை எழுதுகோலும் வாய்ப்புப் பெறவில்லை. 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வந்தபோது தமிழ் வாசகர் பலருக்குச் சொற்கள் விளங்கவில்லை. ஆயினும் நூலைக் கீழே வைக்கவில்லை. 'துறைமுகம்', 'கூனன் தோப்பு' என நூல்கள் தொடர்ந்தன. 'சாய்வு நாற்காலி'க்கு 1997இல் சாகித்திய அக்காதெமி விருது கிட்டியது. 2019இல் அவர் மறைந்தார்.

இப்பெருவழியின் மேற்கு முனையிலுள்ள திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த ஆ. மாதவன், அத்தெருவின் சுமைகாரரையும் சில்லறை வணிகரையும் அவர்தம் பேச்சோடு 'கடைத்தெருக் கதைக'ளில் நடமாடவிட்டார். அதே நகரில் பொறியாளராகப் பணியாற்றிய நீல பத்மநாபன், 1968இல் வந்த 'தலைமுறைக'ளில் இரணியல் வட்டாரச் செட்டிமார் வழக்கை முழுநாவலுக்கும் மொழியாக்கினார். இருவரும் மலையாளம் சூழ வாழ்ந்துகொண்டு தமிழ் எழுதியவர்கள். புலம்பெயர்ந்த நகரில் இருந்துகொண்டு இம்மலரைப் புரட்டும் அன்பர்க்கு அந்நிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

நெய்யாற்றின்கரை தந்த எழுத்தாளர் யார் என்று கேட்பீராயின், ஒருவரைச் சொல்லியே ஆகவேண்டும். அவர் எழுதியது மலையாளத்தில். 1878இல் அங்கே பிறந்த சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை. வக்கம் மௌலவி உரிமையாளராயிருந்த 'சுதேசாபிமானி' இதழின் ஆசிரியராக, திவான் ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைக் கடுமையாகச் சாடினார். 1910 செப்டம்பர் 26ஆம் நாள் அச்சகம் பறிமுதலாயிற்று; அவர் நாடு கடத்தப்பட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டார். இங்கே தடை உள்ளிருந்து எழவில்லை. அரச முத்திரையோடு வந்தது. அவரோ அயலிடங்களில் இருந்தபடியே தம் நாடுகடத்தலைப் பற்றி எழுதினார். இதழியல் பற்றி நூல் செய்தார். 1912இல் காரல் மார்க்ஸின் வரலாற்றை மலையாளத்தில் தந்தார். 1916இல் கண்ணூரில் அவர் மறைந்தபோது வயது 37. அச்சகமும் இல்லை, ஊரும் இல்லை, உடல்நலமும் இல்லை. எழுத்து மட்டும் நிற்கவில்லை. நான்கு சுவர்களும் நல்ல விளக்கும் இருந்தும் எழுத வாராமல் தவிக்கும் என்போர் அவர் பெயரைச் சொல்லும்போது சற்றுக் கூசத்தான் வேண்டும். ஆயினும் இரண்டு தடைகளும் ஒன்றல்ல. திவானுக்கு எதிராக நிற்பவனுக்குத் தன் குரல் எதுவென்று தெரியும். தெரியாதவன் யாரை எதிர்ப்பான்?

என் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். பிழைப்புக்காக வடக்கே வந்து சில ஆண்டுகள் ஆனபின் பாட்டி காலமானாள். பாட்டிக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல என் அத்தை எழுதி அனுப்பிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. அத்தை ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தாள். சில கடிதங்கள் தமிழ் எழுத்தில். அத்தைக்குத் தமிழெழுத்து மறந்த இடங்களில் மலையாள எழுத்து. ஒரே வரியில் இரண்டும் கலந்து கிடந்தன. மழை பெய்து நெய்யாறு கரைதொட்ட செய்தி, தென்னையில் வண்டு விழுந்த செய்தி, எல்லைச் சாவடியில் அரிசிப் பையைப் பிடித்துக்கொண்ட காவலரிடம் பாட்டி பறைந்த பதில் எல்லாம் அவற்றில் இருந்தன. படிக்கும்போது கண்ணில் நீர் வந்தது என்று எழுதுவது மரபு. எனக்கு வந்தது சினம். இவ்வளவு நன்றாகச் சொல்லத் தெரிந்த ஒருத்தியின் பேரன், யாரோ இட்ட மூன்று கோடுகளுக்கு அஞ்சி வாயடைத்துக் கிடந்தேனே என்று.

அன்றிரவே ஒரு குறிப்பேட்டில் அக்கடிதங்களைத் தமிழெழுத்தில் படியெடுக்கத் தொடங்கினேன். ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை என்று உறுதி கொண்டேன். முதலில் கை நடுங்கிற்று. 'ஓர்மை' என்று வந்தபோது பழைய பழக்கத்தால் எழுதுகோல் ஒரு கணம் நின்றது. பிறகு எழுதிற்று. நாலைந்து மாதத்திற்குப் பின் ஒருநாள், படியெடுத்துக்கொண்டே வந்தவன், கடிதம் முடிந்தும் நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டேன். பாட்டி சொல்லாத செய்தி, ஆயின் அவள் சொல்லியிருக்கக் கூடிய முறையில் தாளில் இறங்கிக்கொண்டிருந்தது. அது நான் எழுதியது. சங்கத்தின் கையெழுத்து ஏட்டில் அவ்வாண்டு வந்த என் முதற்கட்டுரை அதுதான். சொல்லெதுவும் திருத்தாமல் வெளியிட்ட அன்றைய ஏட்டாசிரியருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

இதை எழுதத் தொடங்கும்முன்னும் மூன்று நாள் வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான்காம் நாள் தகரப் பெட்டியைத் திறந்தேன். மழைக்காலத்துக் கடிதமொன்றைப் படியெடுத்தேன். அதில் பாட்டி, பாட்டா இறந்தபின் விளையில் நட்ட சக்கைமரம் முதற்காய் காய்த்ததையும், அதை வெட்டாமல் எனக்காக நிறுத்தியிருப்பதையும் பறைந்து, 'மக்களே' என்று தொடங்கி என்னை ஊருக்கு வரச் சொல்லியிருந்தாள். படியெடுத்து முடித்து, பக்கத்தைத் திருப்பி, இக்கட்டுரையின் முதல் வரியை எழுதினேன். கட்டில் இன்னும் படியெடுக்காதவை 17 கடிதங்கள் உள்ளன.